டப்பை மட்டும் விட்டுவிடுங்கள்

வேளச்சேரி, தரமணி, பெருங்குடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் தெருமுனையில் பால் டெப்போ வைத்திருப்பவள் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என்னை அக்கா என்கிறீர்கள், மீதிப் பேர் ஆன்ட்டி என்கிறீர்கள். பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறீர்கள். மாதம் பிறந்ததும் கணக்குத் தீர்க்க மாடி ஏறி வருகிறேன் அல்லவா, அப்போது உங்கள் அறைகள் கண்ணில் படும். கட்டில் இருக்கிறதோ இல்லையோ, பிளாஸ்டிக் கிரேட் இல்லாத அறை ஒன்றுகூட இல்லை. வாசலில் செருப்பு ஸ்டாண்டு, ஜன்னலோரம் லேப்டாப் மேசை, மூலையில் தண்ணீர் கேனுக்குப் பீடம், சில இடங்களில் அடுப்புக்கு மேடை. எல்லாவற்றுக்கும் அதே பெட்டிதான்.

இதைக் குறை சொல்ல நான் மடல் எழுதவில்லை. அட்வான்ஸ் கொடுத்து, புரோக்கருக்குக் கொடுத்து, முதல் மாத வாடகையும் கொடுத்த பிறகு கையில் மிஞ்சுவதில் என்ன மேசை வாங்க முடியும் என்பது எனக்கும் தெரியும். இந்த ஊரில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்குக் கிரேட்டைவிட நல்ல சாமான் கிடையாது என்றே சொல்வேன். மூன்றாவது மாடிக்கு ஒற்றைக் கையால் தூக்கலாம், கழுவலாம், வீடு மாறும்போது உள்ளேயே துணியைப் போட்டு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். நான் கேட்பதெல்லாம் இரண்டுதான். சரியான பெட்டியை எடுங்கள். எடுத்ததை அதன் போக்கு தெரிந்து பயன்படுத்துங்கள்.

முதலில் என் வயிற்றெரிச்சல். உங்கள் அறைகளில் நான் பார்க்கும் பெட்டிகளில் பாதி என் டெப்போ வாசலிலிருந்து போனவை. பால் பாக்கெட் வரும் நீல டப்.

ராத்திரி மூன்று மணி வாக்கில் வேன் வரும். ஒரு டப்பில் அரை லிட்டர் பாக்கெட் 24, ஆக 12 லிட்டர். இறக்கிய கையோடு முந்தின நாளின் காலி டப்புகளை எண்ணி ஏற்றிக்கொள்வார்கள். எத்தனை வந்ததோ அத்தனை திரும்ப வேண்டும். குறைந்தால் அந்தப் பணம் என் கணக்கில் ஏறும். ஒரு பாக்கெட் பாலில் எனக்கு நிற்கும் காசு என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு டப் போனால் அதை ஈடுகட்ட எத்தனை பாக்கெட் விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் நான் சிரிக்க முடியாது. “சும்மா கிடந்தது, எடுத்துக்கிட்டேன்க்கா” என்று ஒரு தம்பி சொன்னார். ராத்திரியில் நடைபாதையில் அடுக்கி வைத்திருப்பது வேனுக்காகக் காத்திருக்கிற டப். அது கிளம்பிப் போய்ப் பண்ணையில் கழுவப்பட்டு, மறுபடி பால் நிரப்பிக்கொண்டு வேறொரு தெருவுக்குப் போக வேண்டியது. நீங்கள் அதில் ஷூவை வைத்தால் அந்தச் சுற்று அங்கேயே நின்றுவிடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள தலைவலி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பால் கிரேட்டின் பக்கவாட்டிலேயே, அனுமதியின்றிப் பயன்படுத்தினால் சட்ட நடவடிக்கை என்று அச்சு வார்க்கும்போதே எழுத்தைப் பதித்துவிடுகிறார்கள். அப்படியும் அங்கே ஒரு தலைமுறையே இசைத்தட்டுகளை அதில்தான் அடுக்கி வைத்தது. எல்.பி. தட்டின் அட்டை 12 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த நாட்டுப் பால் கிரேட்டின் வாய் அதற்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது, பாவம்.

தொழில் பாசத்தைத் தள்ளி வைத்துவிட்டே சொல்கிறேன், பால் டப் நல்ல வீட்டுச் சாமானும் கிடையாது. பாக்கெட் கசிந்த பால் விளிம்பின் மடிப்புகளுக்குள் போய்க் காய்ந்திருக்கும். நீங்கள் எத்தனை தடவை கழுவினாலும் மழைக்காலத்தில் புளித்த வாடை எழும்பும். வாடையைத் தேடி எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் பல்லி வரும். உயரமும் போதாது.

வேண்டியது காய்கறிக் கிரேட். அது எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்கு மொத்தச் சந்தை மாறியதை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். அப்போதெல்லாம் தக்காளி மூங்கில் கூடையிலும் மரப்பெட்டியிலும் வரும். லாரியிலிருந்து இறக்கும்போது அடியில் இருக்கும் தக்காளி பாதி சாறாகியிருக்கும். இப்போது ஒட்டன்சத்திரம், பாலக்கோடு, கிணத்துக்கடவு என்று எங்கிருந்து வந்தாலும் பெரும்பாலும் பிளாஸ்டிக் கிரேட்தான். ஒரு பெட்டிக்குப் பதினாலு, பதினைந்து கிலோ. ஒன்றின் மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கினாலும் அடியில் உள்ள தக்காளியின் மேல் பாரம் இறங்காது, பாரம் முழுவதும் பெட்டியின் சுவர் வழியாகவே தரைக்குப் போகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்கள் கட்டிலுக்கும் இதுதான் கணக்கு.

சந்தையில் இருக்கும் பெட்டி எல்லாமே விலைக்கு வருவதில்லை. பக்கவாட்டில் பெயிண்டால் கடை எண்ணோ முதலெழுத்தோ எழுதியிருந்தால் அதுவும் என் டப்பைப் போலச் சுற்றில் இருப்பது. அதை ஒருவன் குறைந்த விலைக்குத் தந்தால் அவன் யாருடையதையோ தருகிறான் என்று அர்த்தம். ஓரத்தில் கீறல் விட்டது, கைப்பிடி உடைந்தது என்று மண்டிக்காரர்கள் அவ்வப்போது கழித்துப் போடுவார்கள். கடைக்காரரிடமே நேராகக் கேளுங்கள். காயலான் கடைகளிலும் எடை போட்டு எடுத்தவை கிடக்கும். புதிதாகவே வாங்கினாலும் உங்கள் ஒரு சினிமா, ஒரு பிரியாணிக் கணக்குக்குள்தான் வரும். மீன் வந்த பெட்டியை மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்தப் பிளாஸ்டிக் எண்ணெயையும் வாடையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், எந்தச் சோப்புக்கும் அது இறங்கி வராது.

வாங்கும்போது நான்கு மூலைகளையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அடிப்பக்கம் திருப்பினால் முக்கோணக் குறிக்குள் ஒரு எண் இருக்கலாம். 2 என்றால் எச்.டி.பி.இ. எனும் கெட்டியான பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். இரண்டுமே நல்லவைதான். விரல் நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புபோல வெள்ளைப் பொடி வந்தால் அது வெயிலில் செத்துப்போன பெட்டி. நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பெரியவன் கிண்டியில் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவன். அம்பத்தூரில் பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் தொழிற்சாலையில் இருக்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் வேறு பேச்சே கிடையாது. கார்ல் சீக்லர் என்ற ஜெர்மன்காரர் 1953இல் சாதாரண அழுத்தத்திலேயே இந்தக் கெட்டியான பாலிஎத்திலீனைச் செய்யக் கண்டுபிடித்தார், அதற்கு 1963இல் நோபல் கிடைத்தது என்பதெல்லாம் ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டவை. அவன் சொல்லி, நானும் டெப்போவில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

கிரேட்டுக்குப் பலம் மூலையிலும் விளிம்பிலும். நடு அடியில் பலம் குறைவு. அடுக்குவதற்காகச் செய்த பொருள் அது. மேல் பெட்டியின் ஓரம் கீழ்ப் பெட்டியின் விளிம்பில் உட்காரும், மூலைகள் தூண் மாதிரி தாங்கும். அதனால் வாய் மேலே பார்க்க வைத்து விளிம்பின் மேல் ஒரு பலகை போட்டால் பெட்டி பிறந்த வேலையையே செய்கிறது. கவிழ்த்து வைத்தால் அடிப்பாகம் மேசையாகும். மடிக்கணினி, தட்டு, டம்ளர் என்றால் அப்படியே வைக்கலாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 20 கிலோவுக்கு மேல் பாரம் ஒரே இடத்தில் இறங்குகிறது, அப்போது மேலே ஒரு பிளைவுட் துண்டு போட்டு விளிம்புக்குப் பாரத்தைக் கடத்திவிட வேண்டும்.

உடனே உடையாதே என்பீர்கள். உடையாதுதான். பிளாஸ்டிக்கின் குணம் வேறு: ஒரே பாரத்தை மாதக்கணக்கில் சுமந்தால் மெல்ல மெல்லத் தொய்யும், தொய்ந்தது திரும்பி வராது. சூட்டில் இன்னும் வேகமாகத் தொய்யும், நம் ஊர் மே மாதத்து மொட்டை மாடி அறையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் போகும். அதைக் கிரேட் மேல் ஏற்றியிருக்கும் தம்பி, இந்த மடலைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை இறக்குங்கள்.

உங்களில் பலர் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் புத்தக அலமாரி ஆக்குகிறீர்கள். அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது அலமாரித் தட்டாக மாறுவது பெட்டியின் சுவர். ஓட்டை ஓட்டையாக இருக்கும் மெல்லிய சுவர், நேராக நிற்கும்போது பாரம் தாங்குவதற்காகச் செய்தது. போட்டித் தேர்வுப் புத்தகங்கள் என்ன கனம் இருக்கும் என்று படிப்பவர்களுக்கே தெரியும். ஆறு மாதத்தில் தட்டு பாய்போல வளைந்துவிடும். நீளவாக்கில் படுக்க வைக்காமல் குறுகிய பக்கம் தரையில் படும்படி நிறுத்துங்கள். 60 செ.மீ.க்குப் பதில் 40 செ.மீ. அகலம்தான் தொங்கும், வளைவு வெகுவாகக் குறையும். உள்ளே அளவுக்கு வெட்டிய பலகை ஒன்றைப் போட்டுவிட்டால் கவலையே வேண்டாம். கனமானவை கீழே, இலேசானவை மேலே. மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், ஆகவே மேல் அடுக்கை ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள்.

கட்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒட்ட வைக்கிறேன் என்று பணத்தைக் கரைக்காதீர்கள். ஃபெவிகால் இந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, ஃபெவிக்விக்கும் நிற்காது. பெயிண்டும் அப்படித்தான். மொபைலில் யாரோ வெள்ளையடித்துக் காட்டியதைப் பார்த்து ஒரு தங்கை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடித்தார், தீபாவளிக்குள் சட்டை உரிந்துவிட்டது. காய்கறிக் கிரேட் காய்கறிக் கிரேட்டாகவே தெரிந்தால் என்ன கௌரவக் குறைச்சல்? இரண்டு பெட்டிகளைச் சேர்க்கக் கேபிள் டை போதும், ஓட்டைகள்தான் தயாராக இருக்கின்றனவே. கறுப்பு நிறக் கேபிள் டை வாங்குங்கள், வெயிலுக்கு வெள்ளையைவிட அதிக நாள் தாங்கும். பலகையைப் பெட்டியோடு பிணைக்க நட்டு போல்ட்டு போட்டால் இரண்டு பக்கமும் அகலமான வாஷர் வையுங்கள், இல்லாவிட்டால் போல்ட்டின் தலை ஓட்டை வழியாகவே இறங்கிவிடும்.

கட்டில் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உங்களுக்கு அதிகம் தேவை. ஒற்றைக் கட்டில் மெத்தை ஆறடிக்கு மூன்றடி, அதாவது சுமார் 183க்கு 91 செ.மீ. பெரிய கிரேட்டின் அளவு 60க்கு 40. நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு, ஆக ஆறு பெட்டி வைத்தால் 180க்கு 80. மேலே ஆறடி மூன்றடி பிளைவுட் ஒன்றைப் போட்டால் அகலத்தில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து செ.மீ. வெளியே நிற்கும், கால் இடிக்காமல் இருக்க அதுவும் நல்லதுதான். பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடியாக வரும். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள், மிச்சத் துண்டு தண்ணீர் கேனுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். சந்தையில் நிறையப் புழங்கும் 54க்கு 36 அளவுப் பெட்டி கிடைத்தால் ஒட்டி வைக்காமல் சிறிது இடைவெளி விட்டுப் பரப்பிக்கொள்ளுங்கள். ஆறும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம், ஒன்று கால் அங்குலம் குறைந்தாலும் ராத்திரி திரும்பிப் படுக்கும்போதெல்லாம் அறையில் உள்ள அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள்.

தரையில் விரித்த மெத்தை ஐப்பசி மழையில் அடியில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரேட் மேல் போட்டால் நாலாபுறமும் காற்று ஓடும். அடியில் இருக்கும் ஆறு பெட்டிக்குள் உங்கள் துணியும் சூட்கேஸில் அடங்காத சாமானும் போகும். ஆனால் இருட்டான, யாரும் தொடாத பெட்டி என்றால் கரப்பானுக்கும் அதுதான் சொர்க்கம். தின்பண்டத்தை அங்கே வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் இழுத்துப் பெருக்குங்கள்.

அடுத்தது மேசை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் மேசை 75 செ.மீ. உயரம் வேண்டும். இரண்டு பெட்டி அடுக்கினால் 60 வரும், மூன்று அடுக்கினால் மிஞ்சிப்போகும். மல்லுக்கட்டாதீர்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு பெட்டியின் உயரம் அளவெடுத்ததுபோல இருக்கும். என் அப்பா காலத்து மளிகைக் கடைகளில் கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்து சாய்வு மேசையில் பேரேடு எழுதுவார், அந்த உயரம்தான். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்போது சாதிக்காய்ப் பெட்டி மேசை. சரக்கு வந்த பெட்டியைப் பிரித்து ஆணியைப் பிடுங்கி, அதே பலகையில் மேசையும் மணையும் புத்தக அலமாரியும் செய்துகொண்டவர்கள்தான் உங்கள் தாத்தாக்கள். மலையகத்தில் தேயிலைப் பெட்டிக்கு இதே மரியாதை இருந்தது. எனவே கிரேட் மேசையை வீடியோ காலில் அம்மா பார்த்துவிடுவாரோ என்று போர்வை போட்டு மூட வேண்டியதில்லை. அவர் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்கும்.

இனி, கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. நெருப்பு. இந்தப் பிளாஸ்டிக்கில் எச்.டி.பி.இ. 130 டிகிரி வாக்கிலேயே உருகும். பற்றிக்கொண்டால் சொட்டுச் சொட்டாக உருகி விழுந்துகொண்டே எரியும், விழுந்த இடமும் பற்றும். அதன் மேல் கேஸ் அடுப்பு வேண்டாம். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சூடான அயர்ன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். அடுப்பையும் சிலிண்டரையும் பக்கத்துப் பக்கத்தில் தரையில் வைத்திருக்கிறீர்கள் சிலர், அதுவும் தவறு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு பரவும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில், கடப்பா கல்லிலோ இரும்பு ஸ்டாண்டிலோ இருக்க வேண்டும். அதற்குக் காசு இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், பழைய இரும்பு ஸ்டாண்டு விற்கும் ஆளைக் காட்டுகிறேன்.

ஏறி நிற்பது. ஃபேன் துடைக்க இரண்டு கிரேட்டை அடுக்கி ஏறுகிறீர்கள். நேராக அடுக்கிய பெட்டி மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. நாம் ஏறும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறோம். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் பால் கிரேட்டைப் படிபோல அடுக்கி ஏறி இறங்கும் விளையாட்டு ஒன்று பரவியது. கையும் காலும் முறிந்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்து டாக்டர்கள் கெஞ்சினார்கள், கடைசியில் டிக்டாக்கே அந்த வீடியோக்களைத் தடுத்தது. ஃபேன் துடைக்க வீட்டுக்காரரிடம் ஏணி கேளுங்கள். முறைப்பார், தருவார்.

தரைத்தளத்தில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் என்ன செய்தன என்பதைப் நெடுநாளாகக் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள், கையை இடுப்பு வரை உயர்த்திக் காட்டுவார்கள். வெள்ளத்தில் கிரேட் நல்ல துணை. மரத்தூளை அழுத்திச் செய்த ரெடிமேட் அலமாரி ஒரு நாள் தண்ணீரில் நின்றால் ஊறிப் பிட்டாகிவிடும், கிரேட்டைக் கழுவிக் காயவைத்தால் முடிந்தது. ஆனால் பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசானது. காலிப் பெட்டி மிதந்து நகரும். தண்ணீர் படாமலிருக்க அதன் மேல் ஏற்றி வைத்த ஃபிரிட்ஜும் அடைத்த பெட்டிதான், அதுவும் மிதந்து சாயும். கீழ் வரிசைப் பெட்டிகளில் செங்கல்லோ மணல் மூட்டையோ நிரப்பிவிட வேண்டும்.

இது என் யோசனை இல்லை. 1995 ஜனவரியில் ஜப்பானில் கோபே நகரைப் பூகம்பம் சீரழித்தபோது, ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் வீடிழந்தவர்களுக்குக் காகிதக் குழாய்களைச் சுவராக நிறுத்தி வீடு கட்டிக் கொடுத்தார். அந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் பீர் பாட்டில் கிரேட்டுகள், உள்ளே மணல் மூட்டை. பின்னால் 2014இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தின் புஜ்ஜிலும் அதே மாதிரி வீடு கட்டினார். அங்கே பீர் கிரேட் கிடைக்கவில்லை. இடிந்த கட்டடங்களின் கல்லையே அடியில் போட்டு, மேலே நம் ஊர் வழக்கப்படி மண் தரை மெழுகினார். மதுவிலக்கு மாநிலத்தில் பீர் கிரேட்டுக்கு எங்கே போவார்! ஒரு வீட்டையே தாங்கிய பெட்டி உங்கள் ஃபிரிட்ஜைத் தாங்காதா? ஆனால் மழை எச்சரிக்கை வந்த அன்றே செய்யுங்கள். தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிக்குப் போவது ஒன்றுதான் வேலை.

மொட்டை மாடியில் செடி வைத்திருப்பவர்களுக்கு: கிரேட் ஸ்டாண்டு கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் பக்கம் இருக்கட்டும். நேர் வெயிலில் இரண்டு கோடை போனால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போது கைப்பிடி மட்டும் கையோடு வரும்.

அறைக்காரர்கள் மட்டுமல்லாமல் புதிதாகக் கல்யாணமாகி ஒற்றைப் படுக்கையறை வீடு எடுத்தவர்களும் இந்தத் தெருவில் இருக்கிறீர்கள். புரட்டாசியில் உங்களில் சிலர் என்னிடம் வந்து, கொலு வைக்க டப் தாருங்கள் என்று கேட்கிறீர்கள். கேட்டு வாங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனாலும் டப் தர முடியாது, காரணம் மேலே சொல்லியாயிற்று. காய்கறிக் கடை அண்ணாச்சியிடம் பத்து நாள் இரவலாகக் கேளுங்கள், நானும் சொல்லி வைக்கிறேன். எத்தனை வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து படி, ஆறடி அகலம், முழுவதும் பெட்டியாலேயே நிரப்புவதென்றால் ஒரு வரிசைக்குப் பதினைந்து, மூன்று வரிசைக்கு 45 பெட்டி. அண்ணாச்சி கடையை மூடிவிட்டு உங்கள் கொலுவுக்கு வந்துவிட வேண்டியதுதான். அதற்குப் பதில் மூன்று படி வையுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுவரிசையாகப் பெட்டி, ஆக மொத்தம் 12. குறுக்கே மூன்று பலகை. மரப்பாச்சி கனமில்லை, ஆனால் களிமண் தசாவதார செட்டை நடுவில் வைத்தால் பலகை தொய்யும், அதனால் நடுவிலும் ஒரு முட்டுக் கொடுங்கள். மேலே வெள்ளை வேட்டி விரித்துவிட்டால் அடியில் தக்காளிப் பெட்டி இருப்பது அம்பாளுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும். குத்துவிளக்கு படியில் வேண்டாம், வேட்டியின் தலைப்பு படாத தூரத்தில் தரையில் இருக்கட்டும். விஜயதசமிக்கு மறுநாள் பெட்டிகளைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் போனால் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

வீடு காலி செய்து போகும்போது நல்ல கிரேட்டுகளை அடுத்து வருபவர்களுக்கே விட்டுவிட்டுப் போங்கள், அவர்களும் வெறுங்கையோடுதான் வருவார்கள். உடைந்ததைக் காயலான் கடையில் போடுங்கள், எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். உருக்கிக் குருணையாக்கினால் மறுபடி ஏதோ ஒரு பெட்டியாக வரும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்த வேண்டாம்.

டப் எடுத்துப் போனவர்கள், வேன் வருவதற்கு முன் என் ஷட்டர் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனால் போதும். யார் என்று நான் எட்டிப் பார்க்கமாட்டேன். எதிர்க் கடையில் கேமரா இருக்கிறது, ஆனால் அது ஓடுவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். கழுவி வையுங்கள். போன மாதம் திரும்பி வந்த ஒரு டப்பில் ஒரு ஜோடி சாக்ஸும் யாருடைய சம்பள ரசீதோ ஒன்றும் இருந்தன. ரசீதை நான் படிக்கவில்லை. கணக்குத் தீர்க்க வரும்போது இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பால் டெப்போ அக்கா